சிலேட்டில் நின்ற பிழை

ஆண்டுதோறும் பரீட்சை முடிவுகள் வெளியாகும் நாட்களில் நமது வீடுகளில் நிகழ்வது யாவரும் அறிந்ததே. தேறிய பிள்ளையின் வீட்டில் கற்கண்டு வழங்கப்படுகிறது. தேறாத பிள்ளையின் வீட்டில் இழவு விழுந்தாற்போல் மௌனம் சூழ்கிறது. ஒரு பாடத்தில் சில மதிப்பெண்கள் குறைந்துவிட்ட குற்றத்திற்காக, உற்றார் உறவினர் முகத்தில் விழிக்க அஞ்சி ஒளியும் சிறுவர்களை நாம் காண்கிறோம். அந்த அவமானத்தைத் தாங்கமாட்டாமல் உயிரையே துறந்த இளைஞர்களைப் பற்றிய செய்தியும் பத்திரிகைகளில் வராமல் இருப்பதில்லை. வகுப்பறையின் நிலையும் ஏறக்குறைய இதுதான். உபாத்தியாயர் கேள்வி கேட்டால், தவறான விடை சொல்லிச் சிரிப்புக்கு ஆளாவதைவிட வாய் திறவாமல் இருந்துவிடுவதே விவேகம் என்று நமது மாணவர்களில் பலர் மிக இளமையிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அவர்கள் பாடசாலையில் ஐயந்திரிபறக் கற்ற முதற்பாடம் இதுவே என்று சொன்னாலும் மிகையாகாது.

பிழை செய்வது இழுக்கு என்ற இந்த எண்ணம் கல்வியின் வேரில் விழுந்த புழு என்பது நமது திடமான அபிப்பிராயம். அறியாமையினால் வரும் பிழை எவருக்கும் இயல்பு. அதை மறைக்கும்போதுதான் இழுக்கு வந்து சேருகிறது. இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. காந்தியடிகளின் மாணவப் பருவத்தை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தாலே போதும். 1948-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30-ஆம் தேதி அம்மகான் மறைந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அவருடைய உப்பு யாத்திரையையும், சிறைவாசங்களையும், உண்ணாவிரதங்களையும் அறியாத இந்தியர் அரியர். ஆனால் பெஞ்சியில் உட்கார்ந்து பாடம் புரியாமல் விழித்த மோகன்தாஸ் என்ற சிறுவனை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பெரியோர் எல்லோரும் பிறவியிலேயே மேதைகள் என்று நம்பிவிடுவது நமது வழக்கம். அவரோ அந்த மயக்கத்திற்கு இடம் வைக்கவில்லை. 1925 முதல் 1929 வரை நவஜீவன் வாரப் பத்திரிகையில் தாம் எழுதிவந்த சுயசரிதையில், நமக்குச் சத்திய சோதனை என்ற பெயரால் அறிமுகமான அந்நூலில், தமது பள்ளிக்கூடத் தோல்விகள் ஒவ்வொன்றையும் தாமே எண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் 1869-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ஆம் தேதி கத்தியவாரிலுள்ள போர்பந்தரில் பிறந்தார். தந்தையார் கரம்சந்த் காந்தி அந்தச் சமஸ்தானத்தின் திவான். போர்பந்தர்ப் பாடசாலையில் பெருக்கல் வாய்பாட்டை மனனம் செய்வதற்கே அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. அவருக்கு ஏறக்குறைய ஏழு வயதாகியிருந்தபோது குடும்பம் ராஜ்கோட்டுக்குப் பெயர்ந்தது. அங்கு ஆரம்பப் பாடசாலையிலும், பின்னர் உயர்தரப் பாடசாலையிலும் அவர் படித்தார். கூச்சமே உருவான சிறுவன் அவர். மணி அடித்ததும் வகுப்பில் இருப்பார். பள்ளிக்கூடம் விட்டதும், யாராவது பேச்சுக் கொடுத்துக் கேலி செய்துவிடுவார்களோ என்ற அச்சத்தினால் வீட்டுக்கு ஓட்டமாக ஓடிவிடுவார். புத்தகங்களைத் தவிர அவருக்கு அன்று வேறு தோழர்கள் இல்லை. அத்தகைய சுபாவமுள்ள பிள்ளைக்கு, நாலு பேர் நடுவில் தவறு செய்துவிடுவதைக் காட்டிலும் பெரிய தண்டனை வேறென்ன இருக்க முடியும்?

அந்தத் தண்டனை உயர்தரப் பாடசாலையின் முதல் ஆண்டிலேயே வந்தது. கல்வி இலாகா இன்ஸ்பெக்டரான ஜைல்ஸ் என்ற ஆங்கிலேயர் பாடசாலையைப் பார்வையிட வந்தார். பிள்ளைகளுக்கு ஐந்து ஆங்கிலச் சொற்களைச் சொல்லி எழுதச் செய்தார். கெண்டியைக் குறிக்கும் கெட்டில் என்ற சொல் அவற்றுள் ஒன்று. மோகன்தாஸ் அதன் எழுத்துக்களைத் தவறாக எழுதிவிட்டார். உபாத்தியாயர் அதைப் பார்த்துவிட்டார். தமது பூட்ஸின் நுனியால் பையனின் காலைத் தொட்டு, அடுத்த பையனின் சிலேட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்படி ஜாடை காட்டினார். பையனுக்கு அந்த ஜாடை விளங்கவில்லை. உபாத்தியாயர் நிற்பது பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாதபடி காவல் காப்பதற்கே என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். முடிவில், மற்ற எல்லாப் பிள்ளைகளும் ஐந்து சொற்களையும் பிழையின்றி எழுதியிருந்தார்கள். ஒருவர் சிலேட்டில் மட்டும் பிழை நின்றது. பின்னர் அந்த உபாத்தியாயர் அவருடைய மடமையை அவருக்கு எடுத்துக்காட்ட முயன்றார், அதுவும் பலிக்கவில்லை. பார்த்து எழுதும் வித்தையை அவர் கடைசிவரையில் கற்கவேயில்லை.

இந்தச் சம்பவத்தைச் சத்தியத்திற்கு உதாரணமாகவே பலரும் எடுத்துக்கூறுகிறார்கள். அது பொருத்தமே. ஆயினும் கல்வியின் நோக்கில் இதில் வேறொரு பொருளும் இருப்பதாக நாம் கருதுகிறோம். அன்று அவர் அடுத்த சிலேட்டைப் பார்த்துத் திருத்தியிருந்தால் பிழை சிலேட்டிலிருந்து மறைந்திருக்கும். அறியாமை தலையிலேயே தங்கியிருக்கும். இன்ஸ்பெக்டரின் குறிப்பில் அவ்வகுப்பு குறையற்ற வகுப்பாகப் பதிவாகியிருக்கும். ஒரு பிள்ளைக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்ற தகவல் அந்தக் கணமே தொலைந்திருக்கும். நியாயஸ்தலத்தில் பொய்ச் சாட்சியைச் சொல்லிக்கொடுத்து நிறுத்துகிறவன், வழக்கை வெல்கிறானோ இல்லையோ, உண்மையை அறியும் வழியை அடைத்துவிடுகிறான். வகுப்பறையில் பார்த்து எழுதச் செய்யும் உபாத்தியாயர் செய்வதும் அதுவேயாகும். பிழையென்பது மாணவன் உபாத்தியாயருக்கு எழுதும் விண்ணப்பம். அதைக் கிழித்தெறிந்துவிட்டால் பரிகாரம் எங்கிருந்து வரும்?

உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, ஜாக்கிரதையாகவும் இருக்க வேண்டும் என்பதை அவர் வேறொரு அனுபவத்தினால் கற்றார். தலைமையாசிரியர் தொராப்ஜி எதுல்ஜி கீமி தேகப்பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தார். ஒரு சனிக்கிழமை மாலையில் வானம் மேகமூட்டமாக இருந்தது. மோகன்தாஸிடம் கடிகாரம் இல்லை. மேகத்தினால் நேரம் தெரியாமல் அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் கலைந்துவிட்டார்கள். மறுநாள் கேட்டபோது நடந்ததைச் சொன்னார். தலைமையாசிரியர் அதை நம்பாமல் அபராதம் விதித்தார். பொய்யன் என்ற பழி அவரை அழச் செய்தது. ஆனால் அழுது முடித்த பின்னர் அவர் தலைமையாசிரியரை வைதுகொண்டு இருந்துவிடவில்லை. மெய் சொல்ல விரும்புகிறவன் கவனமுள்ளவனாகவும் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். பாடசாலையில் அவருடைய முதலும் கடைசியுமான கவனக் குறைவு அதுவே.

அக்காலத்து வழக்கப்படி அவருக்குப் பதின்மூன்றாம் வயதிலேயே விவாகம் நடந்துவிட்டது. அதனால் படிப்பில் ஓர் ஆண்டு வீணாயிற்று. உழைப்பாளியான பையன் என்பதால், ஒரு வகுப்பைத் தாண்டி அந்த நஷ்டத்தை ஈடுசெய்துகொள்ளும்படி உபாத்தியாயர் சலுகை காட்டினார். மூன்றாம் வகுப்பில் ஆறு மாதம் மட்டும் இருந்துவிட்டு நான்காம் வகுப்புக்குப் போனார். அங்கே பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. க்ஷேத்திர கணிதம் புதிய பாடம். அதுவும் அந்நிய பாஷையில். உபாத்தியாயர் நன்றாகவே கற்பித்தார். இவருக்குத்தான் ஒன்றும் ஏறவில்லை. இரண்டாண்டுப் படிப்பை ஓராண்டில் அடைத்தது பேராசை என்று மனமொடிந்து, மூன்றாம் வகுப்புக்கே திரும்பிவிடலாமா என்று பலமுறை நினைத்தார். திரும்பினால் தமக்கு மட்டுமன்றி, தம்மை நம்பிச் சிபாரிசு செய்த உபாத்தியாயருக்கும் அகௌரவமாகுமே என்ற எண்ணம் அவரைத் தடுத்து நிறுத்தியது.

அவர் விடாமல் முட்டிக்கொண்டிருந்தார். யூக்ளிடின் பதின்மூன்றாம் சூத்திரத்தை அடைந்தபோது கதவு திறந்தது. ஒரு நேர்கோட்டின்மேல் மற்றொரு கோடு நின்றால், அதன் இரு பக்கத்துக் கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்பது அந்தச் சூத்திரம். அதைப் படித்த கணத்தில் அந்தச் சாஸ்திரம் முழுவதும் எவ்வளவு எளியது என்பது அவருக்குப் பளிச்சென்று விளங்கிற்று. புத்தியை நேராகச் செலுத்துவதைத் தவிர வேறொன்றும் வேண்டாத பாடம் எப்படிக் கடினமாக இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது. அன்றுமுதல் க்ஷேத்திர கணிதம் அவருக்கு எளிதும் இனிதுமான பாடமாயிற்று. ஒன்று முதல் பன்னிரண்டு வரையிலான சூத்திரங்களில் அவர் பட்ட பாடு வீணாயிற்று என்று யார் சொல்லத் துணிவார்? கிணறு வெட்டுகிறவன் கடைசிக் கடப்பாரைக் குத்தில் தண்ணீரைக் காண்கிறான். முன் விழுந்த குத்துக்கள் இல்லாமல் கடைசிக் குத்து ஏது? பன்னிரண்டாம் சூத்திரத்தோடு எழுந்து போய்விடும் மாணவர்களே நம்மிடையே அதிகம்.

ஸம்ஸ்கிருதம் இதைவிடப் பெரிய சோதனையாக வந்தது. கணிதத்தில் மனனம் செய்ய ஒன்றுமில்லை. ஸம்ஸ்கிருதத்திலோ எல்லாவற்றையும் நெட்டுருப் போடவேண்டியிருந்தது. ஆறாம் வகுப்பில் அவர் மனம் சோர்ந்துவிட்டது. ஸம்ஸ்கிருத உபாத்தியாயரான கிருஷ்ணசங்கர் பாண்டியா கண்டிப்பானவர். பாரசீக பாஷை கற்பித்த உபாத்தியாயரோ பிள்ளைகளிடம் தாராளமாக இருப்பவர். பாரசீகம் எளிது என்று மாணவர்கள் தமக்குள் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சில் மயங்கி மோகன்தாஸ் ஒருநாள் பாரசீக வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். கிருஷ்ணசங்கர் பாண்டியா இதைக் கண்டு வருந்தினார். பையனைத் தம்மிடம் அழைத்தார். வைஷ்ணவரான தந்தையின் மகன் தன் சமயத்தின் மொழியை விட்டுவிடலாமா என்று கேட்டார். கஷ்டமாக இருப்பது எது என்று தம்மிடமே வந்து சொல்லும்படியும், தம்மால் இயன்றமட்டும் கற்பிப்பதாகவும், மேலே போகப்போகச் சுவை தட்டும் என்றும் எடுத்துரைத்தார். அந்த அன்புக்கு முன்னால் பையன் தலைகுனிந்து ஸம்ஸ்கிருத வகுப்புக்கே திரும்பினார். அன்று அந்தச் சிறிதளவு மொழியையும் கற்காமற்போயிருந்தால், பிற்காலத்தில் நமது சாஸ்திரங்களில் தமக்கு ஈடுபாடே உண்டாகியிராது என்று அவர் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

இவ்விரு உபாத்தியாயர்களையும் வாசகர்கள் ஒப்புநோக்க வேண்டுகிறோம். ஒருவர் பையனின் பிழையைக் கண்டதும் அதை மூடிவிட வழி காட்டினார். மற்றவர் பையனின் கஷ்டத்தைக் கண்டதும் அதைத் தம்மிடம் கொண்டுவரும்படி கேட்டார். இருவரும் அந்தப் பிள்ளைக்கு நன்மையே கருதியிருக்கலாம். ஆனால் கற்பித்தவர் ஒருவரே.

உரிய காலத்தில் திருத்தாத பிழை என்னவாகும் என்பதற்கும் அவர் வாழ்க்கையிலேயே உதாரணம் இருக்கிறது. நல்ல கையெழுத்து கல்விக்கு அவசியமில்லை என்ற எண்ணம் எங்கிருந்தோ அவர் மனத்தில் புகுந்து, சீமைக்குப் போகும்வரையில் குடியிருந்தது. பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் வக்கீல்களும், அங்கேயே பிறந்து படித்த இளைஞர்களும் முத்துப்போல் எழுதுவதைக் கண்டு வெட்கினார். திருத்திக்கொள்ள முயன்றார், காலம் கடந்துவிட்டது. ஆகையால் பிழையைப் பொருட்படுத்தவேண்டாம் என்று நாம் சொல்வதாக எவரும் கருதக்கூடாது. பிழைக்கு அஞ்சி ஒளிவதும், பிழையோடு சமாதானமாகக் குடித்தனம் செய்வதும் ஒரே குழியின் இரு கரைகள்.

1887-ஆம் ஆண்டில் அவர் அகமதாபாத்துக்குச் சென்று மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதித் தேறினார். பெற்ற மதிப்பெண்கள் நூற்றுக்கு நாற்பது அளவே. மறு ஆண்டில் பவநகரிலுள்ள சாமள்தாஸ் காலேஜில் சேர்ந்தார். அங்கே எல்லாமே கடினமாக இருந்தது. ஆசிரியர்களின் பிரசங்கங்களை அவரால் பின்தொடர முடியவில்லை. இதற்கு அவர் ஆசிரியர்களைக் குறை கூறவில்லை. அவர்கள் முதல்தரமானவர்கள் என்றும், தாமே பக்குவப்படாதவர் என்றும் எழுதியிருக்கிறார். முதல் பருவம் முடிந்ததும் வீடு திரும்பினார். இன்றைய கணக்கில் சொன்னால், காலேஜை நடுவில் விட்டுவிட்ட பையன் அவர். அவ்வாறு திரும்பிய பிள்ளையை நமது தெருவிலுள்ளவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

குடும்ப நண்பர் ஒருவரின் யோசனைப்படி, பாரிஸ்டர் படிப்புக்காக 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 4-ஆம் தேதி பம்பாயிலிருந்து சீமைக்குக் கப்பலேறினார். அந்நாளில் பாரிஸ்டர் பரீட்சை எளிது; குறிப்புப் புத்தகங்களைச் சில வாரங்கள் புரட்டிவிட்டே தேறியவர்கள் உண்டு. அந்தச் சுலபமான வழியில் அவர் திருப்தியடையவில்லை. கூடுதலாக லண்டன் மெட்ரிகுலேஷன் பரீட்சைக்கும் படிக்கத் தீர்மானித்தார். அதில் லத்தீனும், வேறொரு நவீன பாஷையும் கட்டாயம். கைவசம் இருந்தவை ஐந்து மாதங்கள். நிமிஷக் கணக்கில் நேரத்தை வகுத்துக்கொண்டு படித்தும், 1890-ஆம் ஆண்டு ஆரம்பத்தில் நடந்த பரீட்சையில் லத்தீனில் தோற்றுப்போனார்.

வருத்தம் உண்டாயிற்று; ஆனால் மனம் தளரவில்லை. அவர் செய்த காரியத்தை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தோல்வியை ஒரு கணக்குப்போல் பிரித்துப் பார்த்தார். லத்தீனில் தமக்குச் சுவை பிறந்திருப்பதைக் கண்டார். ஆகையால் அதை விடவில்லை. மறுமுறை எழுதினால் பிரெஞ்சும் இன்னும் செம்மைப்படும் என்று கருதினார். விஞ்ஞானப் பாடத்தில், செய்முறைப் பயிற்சியில்லாத காரணத்தால் இரசாயனத்தில் தமக்குப் பற்று ஏற்படவில்லை என்பதை உணர்ந்து, அதற்குப் பதிலாக வெப்பமும் ஒளியும் பற்றிய பாடத்தை எடுத்துக்கொண்டார். வாழ்க்கையையும் மாற்றினார். இரண்டு அறைகளை விட்டு ஓர் அறைக்குக் குடிபோனார். அடுப்பு ஒன்று வாங்கிக் காலை உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். செலவு குறைந்தது, நேரம் மிஞ்சிற்று. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் தேறினார். அந்த லத்தீன் வீண்போகவில்லை. ரோமானியச் சட்டத்தை மூலபாஷையிலேயே படிக்க உதவியது. பிற்காலத்தில் ரோமன்-டச்சுச் சட்டம் வழங்கும் தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்தவும் கைகொடுத்தது. தோற்ற பாடமே துணையாக வந்தது.

1891-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10-ஆம் தேதி அவர் பாரிஸ்டரானார். இரண்டு நாட்களில் தாய்நாட்டுக்குப் புறப்பட்டார். பட்டம் கிடைத்துவிட்டால் பிழைகளின் காலம் முடிந்துவிடும் என்று எண்ணுவோர் பம்பாயில் நடந்ததைக் கேட்கவேண்டும். ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் முப்பது ரூபாய் பீஸுக்குப் பிரதிவாதியின் சார்பில் ஒரு சிறு வழக்கை எடுத்துக்கொண்டார். வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து நின்றார். நெஞ்சு படபடத்தது; தலை சுழன்றது; கேட்பதற்கு ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். தம்மால் வழக்கை நடத்த முடியாது என்றும், பீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு வக்கீலை அமர்த்திக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டு வெளியேறினார். கோர்ட்டில் முதன்முதலாக எழுந்து நிற்கும் இளம் வக்கீலின் முழங்கால்கள் படும் பாட்டை எம்போன்ற தொழிற்காரர்கள் அறிவோம். பிறகு ஒரு பாடசாலையில் எழுபத்தைந்து ரூபாய்ச் சம்பளத்தில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தார். பட்டதாரி அல்லர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முடிவில் ராஜ்கோட்டுக்குத் திரும்பி, மனுக்கள் எழுதிக்கொடுத்துச் சீவனம் செய்யலானார்.

1893-ஆம் ஆண்டில் தாதா அப்துல்லா கம்பெனியாரின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார். நாற்பதினாயிரம் பவுனைப் பற்றிய அந்த வழக்கு முழுவதும் கணக்கு வழக்குகளால் நிறைந்தது; அவருக்கோ கணக்கெழுதும் முறையே தெரியாது. தஸ்தாவேஜுகளில் பி. நோட்டு என்று கண்டிருந்ததன் பொருள் விளங்காமல் அகராதியில் தேடினார், கிடைக்கவில்லை. சீமையில் படித்த பாரிஸ்டர், கம்பெனியின் குமாஸ்தாவிடம் தமது அறியாமையைச் சொல்லிக் கேட்டார். பிராமிசரி நோட்டு என்று அவர் விளக்கினார். உடனே கணக்குப் பதிவைப் பற்றிய புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்துத் தெளிந்தார். வழக்கின் விவரங்களை அவர் அறிந்த அளவுக்கு வேறெவரும் அறியாத நிலை விரைவில் உண்டாயிற்று. அந்தத் தெளிவின் பலத்தினாலேயே இரு கட்சியாரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்தார். தோற்ற கட்சியார் தவணைகளில் செலுத்தவும் ஏற்பாடு செய்து இருவரையும் ஒன்றுசேர்த்தார். பம்பாய்க் கோர்ட்டில் வாயடைத்து உட்கார்ந்த மனிதரே இவர். குமாஸ்தாவிடம் கேட்க வெட்கப்பட்டிருந்தால் இது கைகூடியிருக்குமா?

தமிழ் மக்களுக்கு இந்தச் சரித்திரத்தில் தனிப் பங்கு ஒன்று உண்டு. நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்களில் தமிழர் ஏராளம். எஜமானனால் அடிபட்டுப் பற்கள் உடைந்து அழுதுகொண்டு வந்த பாலசுந்தரம் என்ற தொழிலாளியின் முறையீட்டை, தமிழ்க் குமாஸ்தாவின் உதவியைக்கொண்டே அவர் அறிய வேண்டியிருந்தது. 1896-ஆம் ஆண்டில் தாயகம் வந்தபோது, கப்பல் டாக்டர் இரவல் கொடுத்த தமிழ்ப் பாடநூல் ஒன்றை வைத்துக்கொண்டு, கற்பிப்பார் எவருமின்றித் தமிழ் எழுத்துக்களோடு போராடினார். பின்னர்ச் சிறையிலும் போப்பையர் எழுதிய தமிழ்க் கையேட்டைக்கொண்டு படிப்பைத் தொடர்ந்தார். தமிழில் பெரும்புலமை அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் 1910-ஆம் ஆண்டில் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்து டால்ஸ்டாய்ப் பண்ணை ஏற்பட்டபோது, சத்தியாக்கிரகிகளின் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பொறுப்பும் அவருடையதாயிற்று. அந்தப் பிள்ளைகள் அவரைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்கள். எழுத்து மட்டும் தெரியாது. அவர் எழுத்தையும் சிறிது இலக்கணத்தையும் சொல்லிக்கொடுத்தார். ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் அவரைக் காண வந்தால், அவருடைய மாணாக்கர்களே அவருக்குத் துவிபாஷிகள். தமது அறியாமையை மாணாக்கர்களிடம் அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. அதனாலேயே அவர்களுடைய அன்புக்கும் மரியாதைக்கும் குறைவு வரவில்லை. பிழை செய்யும் உபாத்தியாயருக்கு முன்னால், பிழை செய்ய எந்தப் பிள்ளை அஞ்சும்?

பெஞ்சியில் கற்ற பழக்கம் பொதுவாழ்விலும் அவரைவிட்டு நீங்கவில்லை. ரௌலட் சட்டத்தை எதிர்த்து 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நடந்த கிளர்ச்சியில் அகமதாபாத் முதலிய இடங்களில் ஜனங்கள் பலாத்காரத்தில் இறங்கியபோது, போதிய பயிற்சியில்லாதவர்களைச் சட்ட மறுப்புக்கு முன்கூட்டியே அழைத்தது தமது தவறு என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார், அந்தத் தவறை இமயமலைக்கு ஒப்பிட்டார், இயக்கத்தை நிறுத்தினார். பலர் நகைத்தார்கள். நகைப்பு அவருக்குப் புதிதன்று. ராஜ்கோட் வகுப்பில் பிழையைச் சிலேட்டில் நிற்கவிட்டவர், தேசத்தின் முன்னிலையிலும் அதை நிற்கவிட்டார், பின்னர்த் திருத்தினார்.

இங்கு ஓர் ஆட்சேபணை எழலாம். அவர் திவானின் மகன். தமையனார் பணம் திரட்டிச் சீமைக்கு அனுப்பினார். ஒருமுறை தோற்றால் மறுமுறை எழுத வசதி இருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த வசதி ஏது என்று கேட்கலாம். இந்தக் கேள்வி மிக நியாயமானது. நம்மிடையே ஒரு தோல்வியோடு பட்டறைக்கும் வயலுக்கும் அனுப்பப்படும் பிள்ளைகள் உண்டு. கல்யாணத்தைக் காரணங்காட்டி நிறுத்தப்படும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு விடாமுயற்சியைப் பற்றி உபதேசம் செய்வது மட்டும் போதாது. இரண்டாம் தடவை முயல்வதற்கு இடமும் கொடுக்க வேண்டும். தேறாதவர்கள் ஓர் ஆண்டை இழக்காதிருக்கத் துணைத் தேர்வுகள் நடைபெறுகின்றன. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் குழந்தைகளை அடிப்பதையும், மனம் வருந்தத் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. சட்டம் பிரம்பைப் பிடுங்கலாம். ஏளனப் புன்னகையைப் பிடுங்க அதனால் இயலாது. அது உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் தாமே முன்வந்து கைவிட வேண்டிய ஆயுதம்.

தேசத் தொண்டில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர்தோறும் பொதுக்கூட்டங்கள் நடத்தும் அவர்கள், பரீட்சை முடிவு வெளிவரும் வாரத்தில் தங்கள் தெருவிலுள்ள தேறாத பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒருமுறை சென்றுவருவார்களாக. துணைத் தேர்வுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுப்பதும், மாலையில் இரண்டு மணி நேரம் கணக்கோ ஆங்கிலமோ சொல்லிக்கொடுப்பதும் எந்தப் பிரசங்கத்திற்கும் குறைந்த தொண்டல்ல.

மாணவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது சுருக்கமானது. வகுப்பில் விடை தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். தெரிந்தவரையில் முயன்று தவறினால் அந்தத் தவறு எங்கே நேர்ந்தது என்று உபாத்தியாயரைக் கேளுங்கள். திருத்திய விடைத்தாளை மடித்து ஒளித்துவைக்காமல், சிவப்பு மை பட்ட இடங்களை முதலில் படியுங்கள். பாடம் ஏறவில்லையென்றால் பன்னிரண்டாம் சூத்திரத்தோடு எழுந்துவிடாதீர்கள். அடுத்த சிலேட்டைப் பார்த்து எழுதினால் அன்றைய இன்ஸ்பெக்டர் திருப்தியடைவார். ஆனால் அவர் அன்று மாலையே ஊருக்குப் போய்விடுவார். அறியாமையோடு வாழ்நாள் முழுவதும் இருக்கவேண்டியவர்கள் நீங்களே.